நாயின் கண்ணில் ஓடும் மின்சாரம்

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, கார்னியா, ஐரிஸ், விழி லென்ஸ், விழித்திரை என்று பாகங்களைக் குறித்து முடித்தேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, அவற்றுக்கான லென்சுகள் எல்லாம் வந்துவிட்டன. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"டீச்சர், எங்க வீட்டு நாய்க்குப் பகல்ல நல்லாக் கண்ணு தெரியுது. பொழுது சாஞ்சா வாசப்படியிலேயே முட்டிக்குது. டார்ச் அடிச்சுப் பார்த்தா கண்ணு முன்னைவிட நல்லா மின்னுது. அதுக்கும் கண்ணாடி போடுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை. "மருத்துவரிடம் காட்டச் சொல்" என்று சொல்லி அமர வைத்தேன். எங்கள் ஜெயங்கொண்டம் பகுதியில் முந்திரிக்காட்டுக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் நாய் வளர்ப்பது வழக்கம். அவன் வீட்டில் இருந்தது வெள்ளை ஸ்பிட்ஸ். சென்னையில் இருக்கும் அவனுடைய மாமா அந்த நாயை அங்கே ஒரு கால்நடைக் கண் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டினார். சில வாரங்கள் கழித்து மாணவன் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். பார்க்க இ.சி.ஜி. தாள் போல இருந்தது. ஆனால் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஏறக்குறைய நேர்கோடுகள்.

"இது நெஞ்சுக்கு எடுத்தது இல்லை டீச்சர், கண்ணுக்கு எடுத்தது" என்றான்.

அந்தத் தாளைப் புரிந்துகொள்ள நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒளியியல், மின்னோட்டவியல், நரம்பு மண்டலம், மரபியல், ஊட்டச்சத்து என்று நாம் தனித்தனியே நடத்தும் பாடங்கள் அந்த ஒரு தாளில் ஒன்றுகூடுகின்றன. நாயைப் பற்றித் தெரிந்துகொண்டது எங்கள் பள்ளியில் ஒரு குழந்தைக்குப் பயன்பட்டது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

கண்ணும் ஒரு மின்கலம்

உயிருள்ள கண்ணின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே எப்போதும் ஒரு சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. பின்பக்கத்தை ஒப்பிடும்போது கார்னியா நேர்மின் பக்கம். இதை 1849இல் மீனின் கண்ணில் கண்டவர் எமில் டு புவா ரேமண்ட் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர்.

கண்ணில் ஒளி படும்போது இந்த மின்னழுத்தம் மாறுகிறது என்பதை 1865இல் சுவீடன் நாட்டின் ஃபிரித்தியோஃப் ஹோம்கிரன் தவளையின் கண்ணைக் கொண்டு காட்டினார். 1875இல் சுவீடனில் நடந்த ஒரு ரயில் விபத்துக்குப் பின், ரயில்வே ஊழியர்களின் நிறக்குருட்டைக் கண்டறிய வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு எளிய சோதனையை உருவாக்கியவரும் இவர்தான். வெப்பம் பாடத்தில் வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்தவர் என்று நாம் சொல்லித்தரும் ஜேம்ஸ் திவார், 1870களில் ஸ்காட்லாந்தில் இதே கண் மின்சாரத்தைத் தனியாகக் கண்டறிந்தார். மனிதக் கண்ணிலும் அதைப் பதிவு செய்தார். இ.சி.ஜி.க்காக நோபல் பரிசு பெற்ற ஐந்தோவன், 1908இல் தம் நுண்ணிய மின்அளவியைக் கண்ணின் பக்கம் திருப்பி அலைகளைத் தெளிவாகப் பதிவு செய்தார். 1933இல் ராக்னர் கிரானிட் அந்த அலை விழித்திரையின் வெவ்வேறு செல்களிலிருந்து வரும் பகுதிகளின் கூட்டு என்று பிரித்துக் காட்டினார். 1967ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர். மற்றொருவரான ஜார்ஜ் வால்ட், விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தவர்.

இந்தப் பதிவுக்கு எலக்ட்ரோரெட்டினோகிராம் என்று பெயர். சுருக்கமாக இ.ஆர்.ஜி. தமிழில் விழித்திரை மின்வரைவு எனலாம். இதயத்துக்கு இ.சி.ஜி. எப்படியோ விழித்திரைக்கு இ.ஆர்.ஜி. அப்படி.

எவ்வளவு சிறிய மின்சாரம்?

நாயின் கண்ணிலிருந்து கிடைக்கும் அலையின் உயரம் பொதுவாக நூறு, இருநூறு மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். ஒரு டார்ச் மின்கலம் 1.5 வோல்ட். அதை 15,000 பங்காக்கினால் ஒரு பங்கு 100 மைக்ரோவோல்ட். இ.சி.ஜி.யில் தெரியும் பெரிய அலை ஏறக்குறைய 1 மில்லிவோல்ட், அதாவது 1,000 மைக்ரோவோல்ட். கண்ணின் அலை அதில் பத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு சிறிய சைகையோடு நாயின் தசை அசைவிலிருந்து வரும் மின்சாரமும் அறையில் உள்ள மின்கம்பிகளின் இரைச்சலும் கலந்துவிடும். சந்தைக்கடைக்கு நடுவே நின்று ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. இதற்குக் கருவி இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, சைகையைப் பெருக்குகிறது. மற்றொன்று, பலமுறை ஒளி பாய்ச்சி, வரும் பதிவுகளின் சராசரியை எடுக்கிறது. விழித்திரையின் பதில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். இரைச்சல் ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 16 பதிவுகளைச் சராசரி செய்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

"சராசரி எதற்கு சார்?" என்று கேட்கும் மாணவனுக்குக் கணித ஆசிரியர் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு இது.

நாய்க்கு எப்படி எடுக்கிறார்கள்?

மனிதரிடம் "அசையாமல் இருங்கள், நேராகப் பாருங்கள்" என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியாது. எனவே பெரும்பாலும் அமைதிப்படுத்தும் மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்துத்தான் பதிவு செய்கிறார்கள். பாவை விரிய சொட்டு மருந்து விடுகிறார்கள். நாயை இருட்டறையில் ஏறக்குறைய 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு மூன்று மின்வாய்கள் பொருத்தப்படுகின்றன. முதலாவது கான்டாக்ட் லென்ஸ் போன்ற அமைப்பில் கார்னியாவின் மேல் இருக்கும். இரண்டாவது, மெல்லிய ஊசி வடிவில் கண்ணின் வெளி ஓரத்துக்கு அருகே தோலில் குத்தப்படும். மூன்றாவது, தலையின் பின்பகுதியிலோ கழுத்திலோ தரை இணைப்பாக இருக்கும். கண்ணுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. கண்ணே உண்டாக்கும் மின்சாரத்தைத்தான் அளக்கிறோம். இதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். "நாய்க்கு ஷாக் கொடுப்பாங்களா டீச்சர்?" என்பதுதான் என் வகுப்பில் வந்த முதல் கேள்வி.

இருட்டறையில் எதற்காக 20 நிமிடம்? நடுப்பகலில் வெளியிலிருந்து வந்து திரையரங்குக்குள் நுழைந்தவுடன் இருக்கை எண் தெரிவதில்லை. சிறிது நேரம் கழித்துப் பக்கத்தில் இருப்பவர் முகமே தெரிகிறது. வெளிச்சத்தில் சிதைந்த ரோடாப்சின் என்ற நிறமி, குச்சி செல்களில் மீண்டும் உருவாக எடுக்கும் நேரம் அது. அந்த நிறமியின் ஒரு பகுதி வைட்டமின் ஏ-இலிருந்து வருகிறது. குச்சி செல்கள் முழுத் திறனுக்கு வந்த பிறகு சோதித்தால்தான் அவற்றின் உண்மை நிலை தெரியும்.

அலையைப் படிப்பது எப்படி?

ஆரோக்கியமான கண்ணில் பளிச்சென்று ஒளி பாய்ச்சியதும் கோடு முதலில் கீழே இறங்குகிறது. இதற்கு ஏ அலை என்று பெயர். உடனே அதைவிட உயரமாக மேலே ஏறுகிறது. இது பி அலை.

ஏ அலை ஒளி உணர் செல்களான குச்சி, கூம்பு செல்களிலிருந்து வருகிறது. நாம் சாதாரணமாக நினைப்பதற்கு நேர்மாறாக, இச்செல்களில் இருட்டில்தான் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒளி பட்டதும் அயனி வாயில்கள் மூடி அந்த ஓட்டம் குறைகிறது. அந்தக் குறைவே கோட்டின் இறக்கமாகத் தெரிகிறது. ஒளி உணர் செல்கள் செய்தியை அடுத்த அடுக்கில் உள்ள இருமுனை செல்களுக்குக் கடத்துகின்றன. அவை கிளர்ச்சியடைவதால் எழுவது பி அலை. ஆக, ஏ அலை இருந்து பி அலை இல்லையென்றால் ஒளி உணர் செல்கள் வேலை செய்கின்றன, செய்தி அடுத்த அடுக்குக்குப் போகவில்லை என்று பொருள். இரண்டுமே இல்லையென்றால் தொடக்கத்திலேயே கோளாறு.

குச்சி செல்களையும் கூம்பு செல்களையும் தனித்தனியே சோதிக்கவும் வழி உண்டு. இருட்டில் பழகிய கண்ணில் மிக மங்கலான ஒளி பாய்ச்சினால் குச்சி செல்கள் மட்டும் பதில் சொல்லும். பிறகு நல்ல வெளிச்சத்தில் சில நிமிடம் பழக்கி, நொடிக்கு 30 முறை மினுக்கும் ஒளியைக் காட்டினால் கூம்பு செல்கள் மட்டும் பதில் சொல்லும். குச்சி செல்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நாம் வேகமாகச் சொல்லச் சொல்ல எழுதும் மாணவனும் உண்டு, முதல் வரியிலேயே நின்றுவிடும் மாணவனும் உண்டு அல்லவா? அதுபோலத்தான்.

நாயின் கண் நம் கண் அல்ல

நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளை என்று நம்மில் பலர் சொல்லித்தந்திருப்போம். அது சரியல்ல. நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. நாய்க்கு இரண்டு வகை. ஒன்று 429 நானோமீட்டர் அளவிலான நீல ஊதா ஒளிக்கும், மற்றொன்று 555 நானோமீட்டர் அளவிலான ஒளிக்கும் அதிகமாகப் பதில் சொல்கிறது. நீலத்தையும் மஞ்சளையும் நாய் பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரிப்பது கடினம். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தை எறிந்தால் நாய் மூக்கால் தேடுவது இதனால்தான்.

நாயின் விழித்திரையில் குச்சி செல்களே மிக அதிகம். மேலும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் டபீட்டம் என்ற படலம் இருக்கிறது. ஒருமுறை விழித்திரையைக் கடந்த ஒளி, இதில் பட்டுத் திரும்பி இரண்டாம் முறையும் குச்சி செல்களைத் தொடும். இரவில் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது இந்தப் படலத்தால்தான்.

இப்போது என் மாணவன் சொன்னதை நினைவுகூருங்கள். "கண்ணு முன்னைவிட நல்லா மின்னுது" என்றான் அல்லவா? நோயால் விழித்திரை மெலிந்துபோனால் ஒளியை உறிஞ்ச ஆள் இல்லை. அதனால் டபீட்டத்திலிருந்து அதிக ஒளி திரும்பி வருகிறது. நன்றாக மின்னுவதாக அவன் நினைத்தது நோயின் அடையாளம். ஒரு மருத்துவர் கருவி கொண்டு பார்ப்பதை அந்தப் பையன் டார்ச் கொண்டு பார்த்துவிட்டான். அவனைப் பார்த்துத்தான் வகுப்பு சிரித்தது.

எப்போது இ.ஆர்.ஜி. தேவை?

நாய்க்குப் பார்வை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. முகத்துக்கு முன்னால் பஞ்சு உருண்டையைக் கீழே போட்டால் பார்வை உள்ள நாய் அதைக் கண்ணால் தொடரும். பஞ்சு விழும்போது சத்தம் வராது என்பதால் காதால் ஏமாற்ற முடியாது. தடைகளை வைத்து, முதலில் வெளிச்சத்திலும் பிறகு மங்கலிலும் நடக்கவிட்டும் பார்க்கலாம். பார்வை இல்லையென்று இவை சொல்லும். கோளாறு எங்கே என்று சொல்லமாட்டா. அதற்குத்தான் இ.ஆர்.ஜி.

முதலாவது, கண்புரை. நாய்க்கும் கண்புரை வரும். நீரிழிவு நோயுள்ள நாய்க்கு அது வேகமாகவே வரும். புரை முற்றிய லென்சின் வழியே மருத்துவரால் விழித்திரையைப் பார்க்க முடியாது. ஆனால் பளிச்சென்ற ஒளி, ஈரத்துணி போர்த்திய விளக்குபோலச் சிதறியாவது உள்ளே போய்விடும். இ.ஆர்.ஜி. அலை நன்றாக வந்தால் லென்சை மாற்றிப் பயனுண்டு. அலை இல்லையென்றால் திரை கிழிந்த அரங்கில் புரொஜெக்டருக்குப் புது லென்ஸ் வாங்கிய கதைதான். நாய்க்கு வலியும் மிச்சமில்லை, உரிமையாளருக்குப் பணமும் மிச்சமில்லை. 1903இல் தொடங்கப்பட்டு சென்னை வேப்பேரியில் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அறுவைக்கு முன் விழித்திரையின் திறனை இ.ஆர்.ஜி. கொண்டு பார்க்கும் முறையும் அங்கே உண்டு.

இரண்டாவது, திடீர்ப் பார்வை இழப்பு. சில நாய்களுக்குச் சில நாள்களில், சில வாரங்களில் பார்வை முழுவதும் போய்விடுகிறது. தொடக்கத்தில் விழித்திரையைப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. இ.ஆர்.ஜி. எடுத்தால் நேர்கோடு என்றால் பழுது விழித்திரையில். அலை இயல்பாக இருந்தால் விழித்திரை நலம், பழுது பார்வை நரம்பிலோ மூளையிலோ இருக்கிறது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு. ஒரே அறிகுறி, இரண்டு காரணம், பிரித்துச் சொல்வது ஒரு கோடு.

இங்கே ஒரு நுணுக்கம். "டார்ச் அடித்தால் பாவை சுருங்குகிறதே, பிறகெப்படிப் பார்வை இல்லை?" என்று கேட்கலாம். குச்சி, கூம்பு செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்புச் செல்களும் விழித்திரையில் உண்டு. அவை நேரடியாக நீல ஒளியை உணர்ந்து பாவையைச் சுருக்கும். அதனால் பார்வை இழந்த நாயின் பாவை நீல ஒளிக்குச் சுருங்கி, சிவப்பு ஒளிக்குச் சுருங்காமல் இருக்கலாம். பாவை சுருங்குவது வேறு, பார்ப்பது வேறு.

மூன்றாவது, பரம்பரை நோய். என் மாணவன் வீட்டு நாய்க்கு வந்தது இதுதான். படிப்படியாக விழித்திரை நலியும் இந்நோயை 1911இலேயே சுவீடனில் கார்டன் செட்டர் இன நாய்களில் விவரித்திருக்கிறார்கள். பொதுவாக முதலில் குச்சி செல்கள் கெடும். அதனால் முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு கூம்பு செல்களும் கெட்டுப் பகல் பார்வையும் போகும். பழகிய வீட்டில் நாய் மோப்பத்தாலும் காதாலும் சமாளித்துவிடும். வீட்டார் கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும். இ.ஆர்.ஜி.யோ, இந்நோயின் சில வகைகளில் நடத்தையில் எதுவும் தெரியாத குட்டிப் பருவத்திலேயே குச்சி செல்களின் அலை குறைவதைக் காட்டிவிடும்.

மரபியல் பாடத்துக்கு ஒரு கணக்கு

இந்நோயின் பெரும்பாலான வகைகள் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகின்றன. பட்டாணிச் செடியை மட்டுமே எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சலித்தவர்கள் இதைப் பயன்படுத்தலாம். நலமான ஜீன் வ, பழுதான ஜீன் ப என்க. இரண்டு நாய்களும் வப என்றால் இரண்டுக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். அவற்றின் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று பப ஆகி நோயுறும். இரண்டு வப ஆகி நோயைச் சுமக்கும். ஒன்று வவ.

அழகான இனம் கெடக்கூடாது என்று நெருங்கிய உறவு நாய்களையே இணை சேர்க்கும்போது இரு பக்கமும் அதே பழுதான ஜீன் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2006இல் லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல், பூடில் உள்ளிட்ட பல இனங்களில் இந்நோயின் ஒரு வகைக்குக் காரணமான ஜீன் மாற்றத்தைக் கண்டுபிடித்தனர். அதே ஜீனில் அதே மாற்றம் வங்கதேசத்தைச் சேர்ந்த ஒரு மனித நோயாளியிடமும் இருப்பது அதே ஆய்வில் தெரிந்தது. மனிதர்களில் இந்த வகை நோய்க்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது.

லான்சலாட் என்ற நாய்

1980களின் இறுதியில் சுவீடனில் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற கால்நடைக் கண் மருத்துவர், பிரியார் என்ற பிரெஞ்சு ஆட்டுக்காவல் நாய் இனத்தில் பிறவியிலேயே இரவுப் பார்வை இல்லாத நாய்களை ஆராய்ந்தார். அவற்றின் இ.ஆர்.ஜி. அலை ஏறக்குறைய மட்டமாக இருந்தது. ஆனால் விழித்திரை செல்கள் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தன. செல் இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. காரணம் ஆர்.பி.இ.65 என்ற ஜீனில் பழுது. வைட்டமின் ஏ-இலிருந்து பார்வை நிறமிக்கு வேண்டிய பொருளைப் புதுப்பிக்கும் நொதியை உருவாக்குவது இந்த ஜீன்தான். குழந்தைகளுக்கு வரும் ஒரு பிறவிப் பார்வையின்மைக்கும் இதே ஜீனின் பழுதே காரணம்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியா, கார்னெல், ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், இந்நோய் உள்ள மூன்று நாய்க்குட்டிகளின் கண்ணில் நலமான ஜீனைத் தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் செலுத்தினர். அவற்றில் ஒன்றுதான் லான்சலாட். சிகிச்சைக்குப் பின் நாய்கள் தடைகளைத் தாண்டி நடந்தன. ஆனால் "நாய் பழகிக்கொண்டது" என்று யாரும் சொல்லிவிடக்கூடும். மட்டமாக இருந்த கோட்டில் அலை எழுந்ததைக் காட்டியபோது அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் போனது. 2001இல் முடிவுகள் வெளியாயின. பின்னர் மனிதர்களிடம் ஆய்வு நடந்து, 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த ஜீன் சிகிச்சைக்கு ஒப்புதல் வழங்கியது. இன்று சில குழந்தைகள் பார்க்கிறார்கள் என்றால் அதற்கு நாய்களும் காரணம்.

எங்கள் பள்ளியில்

மாணவன் கொண்டு வந்த தாளை ஓய்வறையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் நினைவுக்கு வந்தாள். நல்ல பிள்ளை. வெயிலில் இறைவணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது வாசலில் தயங்கி நிற்பாள். வரிசை நின்றுபோகும். கீழே விழுந்த பென்சிலைத் தடவித் தேடுவாள். விளையாட்டில் பக்கவாட்டில் வரும் பந்தைப் பிடிக்கமாட்டாள். மழைக்கால மாலைகளில் தோழியின் கையை விடமாட்டாள். "ஏம்மா இப்படி மந்தமா இருக்கே, பார்த்து நடக்க மாட்டியா?" என்று அவளைக் கடிந்தவர்களில் நானும் ஒருத்தி.

பள்ளிக் கண் பரிசோதனையில் அவள் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை சரியாகப் படித்திருந்தாள். அதனால் கண்ணில் குறை இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. இப்போது எனக்குப் புரிந்தது. வெளிச்சத்தில் நேராகப் பார்த்து எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுவில் உள்ள கூம்பு செல்களின் வேலை. ஓரத்தில் உள்ள குச்சி செல்களை அந்தப் பலகை சோதிப்பதே இல்லை. பலகையின் மேல் தவறில்லை. அது சோதிக்காத ஒன்றை அது சோதித்ததாக நாம் நினைத்ததுதான் தவறு.

பெற்றோரை அழைத்துப் பேசினேன். அவர்கள் உறவில் மணம் முடித்தவர்கள். "சின்ன வயசுலேருந்தே பொழுது சாஞ்சா வெளிய போக மாட்டா டீச்சர், பயந்த புள்ளன்னு நெனச்சோம்" என்றார் தாய். பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் பரிந்துரைக்க, பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு இ.ஆர்.ஜி. எடுத்தார்கள். குச்சி செல்களின் அலை ஏறக்குறைய இல்லை. கூம்பு செல்களின் அலை குறைவாக இருந்தது.

நோய் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவளுடைய நோய்க்கு இப்போது மருந்தில்லை. ஆனால் பல மாறின. சன்னலோர முன் இருக்கை அவளுக்கு. மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து பொழுதோடு வீட்டுக்குப் போகிறாள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு வழிகாட்டப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளை யாரும் மந்தம் என்று சொல்வதில்லை. வாசலில் அவள் நின்றால் ஒரு தோழி கையை நீட்டுகிறாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், எனக்கே தெரியாதுல்ல" என்றாள்.

ஆசிரியர்கள் கவனிக்க

• வெளிச்சத்திலிருந்து மங்கலான இடத்துக்கு வரும்போது தயங்குதல், மாலையில் தடுமாறுதல், பக்கவாட்டில் இருப்பவற்றில் இடித்துக்கொள்ளுதல், கீழே விழுந்ததைத் தடவித் தேடுதல் ஆகியவை தொடர்ந்து தெரிந்தால் குறித்து வையுங்கள்.

• மாலைக்கண் என்றவுடன் பரம்பரை நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். வைட்டமின் ஏ குறைபாட்டாலும் வரும். அது உரிய சிகிச்சையில் சரியாகும். தாமதித்தால் கண்ணே பாழாகும். பிரித்தறிவது மருத்துவர் வேலை, அனுப்பி வைப்பது நம் வேலை.

• பள்ளி மருத்துவக் குழுவிடம் "பார்வை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எப்போது, எந்த வெளிச்சத்தில், என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் இ.ஆர்.ஜி. வசதி உண்டு.

• ஒரு குழந்தைக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பார்வையின்மையோடு குறைபார்வையையும் சேர்த்துக்கொள்கிறது. சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

செயல்பாடு 1: மாணவர்கள் ஒரு கண்ணை உள்ளங்கையால் ஒளி புகாமல் மூடிக்கொண்டு வெளிச்சமான தாழ்வாரத்தில் 10 நிமிடம் இருக்கட்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது. பிறகு சன்னல்களை அடைத்த அறைக்குள் வந்து, மூடியிருந்த கண்ணாலும் திறந்திருந்த கண்ணாலும் மாறி மாறிப் பார்க்கட்டும். மூடியிருந்த கண்ணுக்கு அறை தெளிவாகத் தெரியும். இருட்டறையில் நாய் காத்திருப்பதன் காரணம் சொல்லாமலே விளங்கும். அந்த அறையில் எந்தக் கண்ணாலும் எதுவும் தெரியவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால் அதைக் கேலியாக்க வேண்டாம். குறித்து வையுங்கள்.

செயல்பாடு 2: 3 என்ற எண்ணை 'சைகை' என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைச் சுண்டித் தலை விழுந்தால் 10 கூட்டவும், பூ விழுந்தால் 10 கழிக்கவும். விடை 13 அல்லது -7. தனி விடையைப் பார்த்தால் 3 தெரியாது. 40 மாணவர்கள் ஆளுக்கு 5 முறை சுண்டி, 200 விடைகளின் சராசரி எடுத்தால் அது 3ஐ ஒட்டி வரும். இரைச்சலுக்குள்ளிருந்து சைகை வெளியே வருவதை அவர்களே பார்ப்பார்கள்.

செயல்பாடு 3: வீட்டு நாய் உள்ள மாணவர்கள் நீலம், மஞ்சள், சிவப்பு நிறப் பந்துகளைப் புல்லில் உருட்டி, எதை நாய் விரைவில் கண்டது என்று பட்டியலிடலாம். தெருநாய்களிடமும் பழகாத நாய்களிடமும் இதைச் செய்யக் கூடாது. நாயின் கண்ணில் லேசர் விளக்கு அடிக்கவே கூடாது.

அந்த ஸ்பிட்ஸ் நாய்க்கு இப்போது பகலிலும் பார்வை இல்லை. வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றுவதில்லை என்றும், வாசற்படிக்கு முன்னால் ஒரு பழைய சாக்கை விரித்து வைத்திருக்கிறார்கள் என்றும் மாணவன் சொன்னான். சாக்கில் கால் பட்டதும் நாய் நின்று, மெல்லப் படி ஏறுகிறதாம். எங்கள் ஏழாம் வகுப்பு அறையின் வாசலிலும் இப்போது படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடித்திருக்கிறோம். யோசனை சொன்னவன் அவன்தான்.

(கட்டுரையாளர்: அறிவியல் பட்டதாரி ஆசிரியர், அரசுப் பள்ளி, ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டம்)